படத்தில் வராத வரிகள்

முப்பத்தொரு கோப்பு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் வரும், பக்கத்தில் முடிந்தது என்று விழும், அடுத்த பெயர் வரும். சுந்தரவல்லியின் கண் அதில்தான் இருந்தது என்றாலும் மனசு காலையில் மகள் மகிழினிக்குக் கட்டிக்கொடுத்த டப்பாவில் இருந்தது. ஸ்பூன் வைத்தோமா இல்லையா. வைத்த மாதிரியும் இருந்தது, கழுவி மேடையில் கவிழ்த்தது கவிழ்த்தபடியே கிடக்கிற மாதிரியும் இருந்தது. ஆறு வயசுப் பிள்ளை கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொள்ளும், அதில் ஒன்றுமில்லை, ஆனால் மறந்தோமா என்பது வேறு கேள்வி, மறந்திருந்தால் அது எல்லாருக்கும் வருகிற மறதியா, இல்லை டாக்டர் எஸ்தர் ராணி அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிற நோய் அறிகுறிப் பட்டியலில் நாலாவதாக வருகிற மறதியா என்பது இன்னும் வேறு கேள்வி. மேசைக்கு அடியில் இடது கால் ஆடிக்கொண்டிருந்தது. அவள்தான் ஆட்டுகிறாள். நிறுத்தினாள், நின்றது. நிறுத்தினால் நிற்கிறது என்றால் தானாக ஆடவில்லை. இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை. கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் வரிசையாகத் தொட்டுத் தொட்டு எடுப்பது, கண்ணை மூடி மூக்கைத் தொடுவது, ஒரே கோட்டில் நடப்பதுபோல் தரைக்கல்லின் இணைப்பில் பாதம் வைத்துப் போவது. பக்கத்து மேசை பரக்கத் நிஷா ஒரு தடவை கேட்டுவிட்டாள், என்ன வல்லி பாண்டி ஆடுறியா என்று. ஆமாம் என்று சிரித்து வைத்தாள்.

ஒரு மணிக்குள் அறுபத்து மூன்று வம்சாவளிப் படமும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அறுபத்து மூன்று குடும்பம். மதுரை, கோவை, சேலம் மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்து சேர்ந்தவை, டாக்டர் பத்து வருசமாகச் சேர்த்தவை, புத்தகமாக வரப்போகின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு, கோப்பில் எழுத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆள் பெயர் கிடையாது, எண்தான். நாலாம் எண் ஆண், பிறந்த வருசம் இது, இறந்த வருசம் இது, நாலிலிருந்து ஒன்பதுக்கு ஒரு கோடு, ஒன்பதிலிருந்து பதினைந்துக்கு ஒரு கோடு. இப்படி வரி வரியாக எழுதிவைத்ததை நிரல் படித்து, யார் மேலே யார் கீழே என்று அதுவாகவே இடம் ஒதுக்கி, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, செத்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு என்று போட்டுப் படமாக்கித் தந்துவிடும். அவள் வேலை அதை ஓடவிடுவது, ஓடியதைச் சரிபார்ப்பது, எழுத்து கட்டம் கட்டமாக வந்துவிடாமல் நிரலுக்குத் தமிழ் எழுத்துருவைக் காட்டுவது. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவேண்டிய அவசியம் இல்லை. மூன்று வருசத்தில் படிக்காமலிருக்கப் பழகியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்தது போதும். அந்த வாரம்தான் சுவரில் இருந்த பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தாள். கைகால் தானாக ஆடுதல், நடை தள்ளாடுதல், காரணமில்லாத கோபம், மறதி, பேச்சுக் குழறல், குடித்திருப்பவர் என்று பிறர் தவறாக எண்ணுதல். கடைசி வரிக்கு வந்ததும் எழுந்துபோய்க் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிசம் நின்றாள். தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது. ஹண்டிங்டன் என்று வாயில் நுழையாத பேர். அப்பாவுக்கு அதுதான் இருந்தது, அப்பா ஒரு சொட்டுக் குடித்தவரில்லை.

குடித்தவரில்லை என்று அம்மா சொன்னாள், யாரும் நம்பவில்லை. சுந்தரவல்லியும் நம்பவில்லை, அதுதான் விசயம், அங்கேதான் நினைப்பு எப்போது போனாலும் போய்ச் சிக்கிக்கொள்ளும். பதினொன்றாவது படிக்கும்போது, சாயங்காலம், பெரியார் நிலையத்தில் நாலைந்து பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள், எதிரே வந்து நின்ற வண்டியின் பின்படியிலிருந்து காக்கிச் சட்டையில் அப்பா இறங்குகிறார். ஒரு கால் சரியாக விழுந்தது, அடுத்த கால் யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரிப் பக்கவாட்டில் போனது. தோள்பையிலிருந்து சில்லறை சிதறியது. குனிந்து பொறுக்கினார். பொறுக்கப் பொறுக்க விரலிலிருந்து நழுவியது. சிவகாமி என்று ஒருத்தி, அவள் சொன்னாள், அங்கெ பாருங்கடி, கண்டக்டரு தண்ணியப் போட்டுட்டு வந்திருக்காரு. பிள்ளைகள் சிரித்தார்கள், சுந்தரவல்லியும் சிரித்தாள். சத்தமாகக்கூடச் சிரித்திருப்பாள், மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாக. அப்பா நிமிர்ந்தார். பார்த்தாரா பார்க்கவில்லையா என்பது இருபத்தேழு வருசமாகத் தெரியவில்லை, பார்த்திருந்தால் அன்று ராத்திரி ஏதாவது சொல்லியிருப்பார், சொல்லவில்லை, பார்த்ததால்தான் சொல்லவில்லையோ. அதே வருசம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பணியில் குடித்திருந்ததாக ஒரு காகிதம் வந்தது. வாயை ஊதச் சொன்ன டாக்டர் நாற்றமில்லை என்று எழுதிக்கொடுத்த சீட்டை அப்பா ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டு அலைந்தார், ஆனால் ஆடிக்கொண்டே நீட்டிய சீட்டை யார் வாங்கிப் படிப்பார்கள். ஐம்பத்தொரு வயசில் செத்தார். கடைசி இரண்டு வருசம் கட்டிலில் கயிறு போட்டுத்தான் படுக்கவைத்தது. தம்பி பாண்டித்துரைதான் கயிற்றுக்கு அடியில் துண்டு வைத்துக் கட்டுவான், அறுத்துவிடாமல். அவனுக்கு அப்போது பத்தொன்பது.

தம்பியை நினைக்கக்கூடாது. நினைக்காமலிருக்கிற பட்டியலில் அவனும் உண்டு. மூன்று வருசமாகப் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் சண்டை போட்டுப் பேச்சில்லை என்பதுகூட இல்லை, சண்டை போட அவன் எதிரில் வந்திருக்கவேண்டும். மகிழினிக்கு மூன்று வயசில் காதுகுத்து வைத்தது, பிப்ரவரி பதிமூன்று, ஞாயிற்றுக்கிழமை, தெப்பக்குளம் பக்கம் மண்டபம், பத்திரிகையில் தாய்மாமன் பேர் பெரிய எழுத்தில், எல்லாம் வைத்து, பத்தரை மணி முகூர்த்தத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. போன் எடுக்கவில்லை. அம்மா அதற்கு முந்தின வருசமே போய்ச் சேர்ந்துவிட்டாள், அந்த மட்டில் தப்பித்தாள். கணவன் ஞானவேல் வீட்டு ஆட்கள் வாயைத் திறக்கவில்லை, திறக்காமலே பேசினார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட மாமா ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்தார்கள், அவர் மடியில் இருக்கமாட்டேன் என்று பிள்ளை வீரிட்டு, ஆசாரி ஊசியை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை வைத்து, வலது காதில் துளை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கும் தோடு போடும்போதெல்லாம் அந்தத் துளையைப் பார்க்கிறாள். பார்க்கும்போதெல்லாம் அவன் ஞாபகம். எட்டு நாள் கழித்து ஒரு செய்தி அனுப்பியிருந்தான், மன்னிச்சிரு அக்கா, வேலை, என்று. வேலை. கோயம்புத்தூரில் பம்பு செய்கிற பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை. பதில் போடவில்லை. அப்புறம் இந்த வேலையில் சேர்ந்து, பட்டியலைப் படித்து, குழாயைத் திறந்துவிட்டு நின்ற அன்றைக்குக் கை போனுக்குப் போனது, அப்பாவிடமிருந்து அது வந்திருக்க அவனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, எனக்கும் பாதிக்குப் பாதி, சொல்லவேண்டும். போன் கைக்குள்ளேயே சுட்டுக்கொண்டிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, மருந்தா இருக்கிறது, புதுசாகக் கல்யாணமானவன், அவனாவது நிம்மதியாக இருக்கட்டும். அப்படி நினைத்தது அன்பினாலா வஞ்சத்தினாலா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“என்ன வல்லி, நின்னுருச்சா?” என்றாள் பரக்கத்.

நின்றிருந்தது. கறுப்புத் திரையில் சிவப்பாக ஒரு வரி. கோவை முப்பத்திரண்டு, பதினெட்டாவது வரியில் பிழை, திறந்த மேற்கோள்குறி மூடப்படவில்லை. “ஒரு குறி விட்டுப்போச்சு போல. பாக்குறேன்” என்றாள். இது அடிக்கடி நடப்பதுதான், தட்டச்சு செய்கிறவர் யாராவது கூப்பிட்டு எழுந்துபோயிருப்பார், குறியைப் போட்டுச் சேமித்தால் அரை நிமிச வேலை. கோப்பைத் திறந்தாள். பதினெட்டாவது வரி, பதினாறாம் எண், முக்கோணம். முக்கோணம் என்றால் பிறக்காமலே போன கரு. “11 வாரம், 2022 மா” என்று எழுதி அதோடு நின்றிருந்தது, மார்ச் என்று முடிக்காமல், குறியும் போடாமல். ர்ச் என்று சேர்த்துக் குறியைப் போட்டாள். சேமித்துவிட்டு மூடவேண்டியதுதான். கண் ஒரு வரி மேலே போனது, அது பழக்கமில்லாத குற்றம். பதினைந்தாம் எண், பெண், 2019. அதற்கு மேல் ஒன்பதாம் எண், பெண், 1982, பரிசோதிக்கப்படவில்லை. பத்தாம் எண், ஆண், 1986, தகவல் தந்தவர். எட்டாம் எண், ஆண், 1979, ஒன்பது நாள் குழந்தையாக இறப்பு. வெறும் எண்கள். தமிழ்நாட்டில் எண்பத்திரண்டில் பிறந்த பெண் எத்தனை லட்சம் பேர். நாலாம் எண், ஆண், 1954, இறப்பு 2005. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஏசி எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. நாலாம் எண்ணின் தங்கை ஆறாம் எண், நாலாம் எண்ணின் மனைவியுடைய அண்ணனுக்கே வாழ்க்கைப்பட்டவள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம், எழுத்தில் பார்க்க நாலு வரிதான், படமாக விழுந்தால் இரண்டு கோடு ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த வெட்டு அவளுக்குத் தெரியும். அவர் அம்மா வழி மாமாவா அத்தை வழி மாமாவா என்ற குழப்பத்தில் சின்ன வயசில் எத்தனை சிரிப்பு. ஒன்பது நாள் குழந்தைக்கு அம்மா ஒவ்வொரு ஆடியிலும் ஒரு சின்னச் சட்டை வாங்கிக் கோயிலில் வைப்பாள். படிக்கப் படிக்க எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து முகம் காட்டின. அப்போதும் மனசு ஒரு மூலையில், இல்லை, தற்செயல், அதே வருசங்கள் வேறு குடும்பத்துக்கும் இருக்கலாம் என்று நியாயம் பேசிக்கொண்டேயிருந்தது.

அந்த நியாயம் இருபத்திரண்டாவது வரி வரைக்கும்தான் ஓடியது. கோப்பில் இரண்டு சாய்கோடு போட்டுத் தொடங்குகிற வரிகளை நிரல் கண்டுகொள்ளாது. எழுதியவர் தன் ஞாபகத்துக்காக எழுதிவைப்பவை, படத்தில் ஒரு புள்ளியாகக்கூட வராமல் கோப்போடு நின்றுவிடுபவை. பெரும்பாலும், வயசு சரிபார்க்கவும், ரத்தம் மறுபடி எடுக்கவும், இப்படித்தான் இருக்கும். கோயம்புத்தூரில் உட்கார்ந்து எழுதியவர் வேறு மாதிரி ஆள் போலிருக்கிறது. நாலாம் எண் பஸ் நடத்துநர், குடிகாரர் என்று வேலை நீக்கம், குடித்ததில்லை என்கிறார் மகன். பத்தாம் எண் லேத் வேலை, அளவுகோல் கையிலிருந்து நழுவுவதைக் கவனித்துத் தானாகவே வந்தார், முடிவு சொன்ன நாள் 11.2.2022, நோய்க்கூறு உண்டு, மனைவி கருவுற்றிருக்கிறார். இரண்டு நாளில் அக்கா மகளுக்குக் காதணி விழா, மடியில் குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும், ஊசி குத்துகிற நேரத்தில் கை தூக்கிப்போட்டால் என்ன செய்வது, அப்பனைப் போலவே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அக்கா வீட்டார் முன்னால் சொல்வார்கள் என்று வெகுநேரம் அழுதார். அதற்குக் கீழே, பிறகு சேர்த்தது, இன்னும் ஒரு வரி. ஒன்பதாம் எண் பற்றி: பேச்சுவார்த்தை இல்லை, அவருக்கு எதுவும் தெரியாது, தெரிவிக்க வேண்டாம் என்கிறார், ‘அவளாவது நிம்மதியா இருக்கட்டும்.’

வெளியே தாழ்வாரத்தில் யாரோ சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பிப்ரவரி பதினொன்று வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள். பூ சொன்னாள், ஆசாரிக்குச் சொன்னாள், ஞானவேலோடு ஒலிபெருக்கி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை, அவன் அந்த நேரத்தில் ஏதோ ஒரு அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஒரு டாக்டர் காகிதத்தைத் திருப்பி. தனியாகப் போனானா, மனைவி ரேவதி கூட இருந்தாளா, இரண்டு மாத வயிற்றோடு. அந்த முக்கோணம். அத்தை ஆகியிருப்பாள், ஆகாமல் போனது தெரியாமலே மூன்று வருசம் அவனைத் திட்டிக்கொண்டு தோடு மாட்டியிருக்கிறாள். கயிற்றுக்கு அடியில் துண்டு வைக்கிறவன், தன் கையைத் தானே பயந்து. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை, எழுந்து நடக்கவேண்டும்போல, எங்காவது ஓடவேண்டும்போல, ஆனால் பரக்கத் பக்கத்தில், மணி பதினொன்றே கால், இன்னும் முப்பத்தொரு கோப்பு வரிசையில். பதினைந்தாம் எண், பெண், 2019. மகிழினி. கோவையில் யாரோ முகம் தெரியாத ஒருவர் அவள் பிள்ளையை ஒரு வட்டமாக எழுதி, கோடு இழுத்து, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறார். புத்தகத்தில் வரும். மருத்துவ மாணவர்கள் விரலை வைத்துப் பார்ப்பார்கள், இந்த ஒன்பதுக்கு வந்திருந்தால் இந்தப் பதினைந்துக்கும் பாதிக்குப் பாதி, தேர்வில் கேட்பார்கள். அழித்துவிடலாம். இரண்டு வட்டம், ஞானவேலின் கட்டம் ஒன்று, மொத்தம் ஆறு வரி. யாருக்குத் தெரியும். படமாகிவிட்டால் அது வெறும் புள்ளிகள், எந்த வரி இருந்தது எந்த வரி போனது என்று படத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. விரல்கள் யோசித்து முடிப்பதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தன. ஆறு வரியையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஓடவிட்டாள். முடிந்தது என்று விழுந்தது.

படத்தைத் திறந்தாள். சுத்தமாக வந்திருந்தது. அப்பாவின் கட்டம் கறுப்பாக, மேலே சாய்கோடு. பக்கத்தில் அம்மா. கீழே ஒன்பது நாள் அண்ணன், சின்னதாக. தள்ளிப் பாண்டித்துரை, கட்டத்துக்குள் நோய்க்கூறு உண்டென்ற கறுப்புப் புள்ளியோடு, அவனுக்கும் ரேவதியின் வட்டத்துக்கும் கீழே முக்கோணம். நிரலுக்கு இடம் மிச்சமாகிவிட்டதால் அவனை நடுவில் இழுத்து வைத்திருந்தது, சுற்றிலும் வெள்ளையாக வெற்றிடம். கூடப் பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லாத ஆள். அப்பாவைக் கட்டிலில் புரட்ட மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதவன். இப்படித்தானே மூன்று வருசமாக இருந்திருக்கிறான், இதை நான் இன்றைக்கா செய்தேன் என்று நினைத்தாள். உருவை இழுத்துப் பெரிதாக்கினாள், இன்னும், இன்னும். அவனுடைய கட்டம் திரையை நிறைத்து, ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து, கடைசியில் ஒரு சாம்பல் சதுரம், பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அதற்குள் யாரும் இல்லை. மூடினாள். கோப்புக்குப் போய் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள், ஒரு தரம் அழுத்த ஆறு வரியும் அப்படியே வந்தன. மறுபடி ஓடவிட்டாள். இப்போது அவனுக்கு இடது பக்கத்தில் அவள் இருந்தாள், வட்டத்துக்குள் கேள்விக்குறி, அவளுக்குக் கீழே இன்னொரு சின்ன வட்டம், மேலே அந்த இரண்டு கோடும் வெட்டிக்கொண்டு, எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு. கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. ஆனால் அது பக்கத்தில் இருந்தது, அவன் பக்கத்தில்.

“பரக்கத், மிச்சத்த நீ ஓட்டுறியா? முப்பத்திமூணுலருந்து.”

“நீ எங்க போற?”

“டாக்டரப் பாத்துட்டு வந்துர்றேன்.”

தரைக்கல் இணைப்பைப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் எஸ்தர் ராணி அறையில் தனியாகத்தான் இருந்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு எதையோ திருத்திக்கொண்டு. உட்காரச் சொன்னார், சுந்தரவல்லி உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும்.

“மேடம், கோவை முப்பத்திரண்டு எங்க குடும்பம்.”

டாக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“பேர் எதுவும் இல்லையே அதுல. எப்படித் தெரிஞ்சுது?”

“பிழை வந்துச்சு, திறந்தேன். வருசமெல்லாம் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். கீழ என் தம்பி சொன்னதா இருக்கற குறிப்பையும் படிச்சுட்டேன். அப்பறம் என்னையும் என் மகளையும் அதுலருந்து அழிச்சேன். திரும்பப் போட்டுட்டேன், இப்ப சரியா இருக்கு. இதெல்லாம் உங்ககிட்டச் சொல்லணும்ல.”

“உக்காருங்க வல்லி.”

உட்கார்ந்தாள். கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டாள்.

“அப்பாவுக்கு இதுதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“சேந்த வாரத்துலருந்து தெரியும்.”

“மூணு வருசமா தனியா வச்சுக்கிட்டு இருந்தீங்களா.” அது கேள்வியாக இல்லை. டாக்டர் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். “அந்தப் படத்த புத்தகத்துல சேக்கறதா வேண்டாமான்னு அப்பறம் பேசுவோம், இன்னைக்கு அது போகாது. ஆனா ஒண்ணு. கோப்புல நீங்க படிச்சது உங்க தம்பி அவரோட டாக்டர்கிட்டச் சொன்னது. உங்ககிட்டச் சொன்னதில்ல. அத வச்சு நீங்க அவர்கிட்டப் பேசக்கூடாது.”

“பேசவே கூடாதா மேடம்?”

“அவரப் பத்தின சங்கதிய நீங்க எடுத்துப் பேசக்கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சத, உங்களப் பத்தி, நீங்க யார்கிட்ட வேணாலும் பேசலாம். அதுக்கு என்கிட்டக் கேக்கவே வேண்டாம்.”

“ரத்தம் குடுக்கறது பத்தி…”

“இன்னைக்கு வேண்டாம். இன்னைக்கு எதுவுமே முடிவு பண்ணாதீங்க. பாக்காமலே இருக்கறதுன்னும் ஒரு முடிவு உண்டு, அதையும் இன்னைக்கு எடுக்காதீங்க. பிள்ளைக்கு இப்ப எதுவும் பாக்கமாட்டோம், அவ பெரியவளாகி அவளாக் கேக்கணும். வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

படியிறங்கி வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது, தகரக் கொட்டகைக்குக் கீழே அனல், பெட்ரோல் வாடை, ஒரு ஸ்கூட்டரின் இருக்கையில் பூனை படுத்திருந்தது. என்ன சொல்வது. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு பேசவேண்டும், அது பொய்யில்லையா. ஆனால் அவனுக்குச் சொல்லாமல் வைத்திருந்தது மட்டும் என்னவாம். இத்தனை நாள் அவன் செய்ததற்கு அவனே ஈடு செய்யட்டும் என்று அவள் காத்திருந்தாள், அவன் வரவேண்டும், அவன் காலில் விழவேண்டும், அவன் காரணம் சொல்லவேண்டும். தன் பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. பன்னிரண்டு நாற்பது. பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். அழுத்தினாள். எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்தாள், எடுக்கவேண்டும் என்று நினைத்தாள், மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான்.

“நான்தான்.”

“தெரியுது.” பின்னால் இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, நாக்கு ஒரு எழுத்தில் தங்கித் தங்கி வந்த மாதிரி, அல்லது அவளாக அப்படிக் கேட்டுக்கொண்டாளா.

“சாப்பிட்டியா?”

“இனிமேத்தான்.”

“துரை, ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் நடுவுல பேசாத. அப்பா குடிக்கலடா. அது ஒரு நோயி. நான் வேல பாக்குற எடத்துல அதப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றாங்க, சேந்த வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பிள்ளைகளுக்கும் வரலாம். எனக்கு வரலாம். நான் இன்னும் பாத்துக்கல, பயமா இருக்கு. உன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும், கோவத்துல சொல்லல. நீயாவது நிம்மதியா இருன்னு விட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்பறம் இன்னொண்ணு. ஒரு தடவ பஸ் ஸ்டாண்டுல அப்பாவப் பாத்து நான் சிரிச்சேன், பிள்ளைகளோட சேந்து. இத யார்கிட்டயும் சொன்னதில்ல.”

இரும்புச் சத்தம் தூரப் போனது. நடந்துபோகிறான் போலிருக்கிறது, ஏதோ கதவு, அப்புறம் தெருவின் சத்தம்.

“எனக்கும் தெரியும்க்கா.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எனக்கு இருக்கு. பாத்துட்டேன். கை இப்பக் கொஞ்சம் ஆடுது, லேத்துல நிக்க விடமாட்டேங்கறாங்க, ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. ரேவதிக்கு ஒண்ணு தங்குச்சு, வேண்டாம்னுட்டோம்.” மூச்சு வாங்கினான். “உனக்குத் தெரியக்கூடாதுன்னு இருந்தேன்.”

படித்ததுதான் எல்லாம். ஆனாலும் காகிதத்தில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை, தங்குச்சு என்று சொல்லும்போது அவன் குரல் போன போக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ம் என்று மட்டும் சொன்னாள், இரண்டு மூன்று தரம்.

“காதுகுத்துக்கு நான் வந்தேன்க்கா.”

“எங்க வந்த?”

“மண்டபத்துக்குத்தான். எதுத்தாப்புல செருப்புக்கடை ஒண்ணு இருந்துச்சுல்ல, அது ஓரமா நின்னேன். சீர்த்தட்டெல்லாம் கட்டப்பையில வச்சிருந்தேன். கொலுசு, பாவாடை சட்டை. ரோட்டத் தாண்ட முடியல. நீ பச்சச் சேலை கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்து வந்து ரோட்டப் பாத்த. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன், இன்னொரு தடவ வந்தா போயிரணும், இன்னொரு தடவ வந்தா போயிரணும்னு. ஆறு தடவ வந்த.”

“ஏழு” என்றாள் சுந்தரவல்லி. “கடைசித் தடவ வர்றதுக்குள்ள நீ பஸ் ஏறியிருப்ப.”